சிவப்பு மட்டையும் கறுப்பு மட்டையும்

தன் தகப்பனின் முகத்தை லோறன்ஸ் தின்றுவிட்டார் என்று குகதாசன் பத்துப் பன்னிரண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். விசுவமடுச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் சொன்னான். வயல் வேலை இல்லாத மாதங்களில் ஓட்டோ ஓட்டுவான். அதில் ஏறினவர்களுக்கும் சொன்னான். முகத்தை எப்படியப்பா தின்கிறது என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், இறங்கும் இடம் வரும்வரை முழுக்கதையையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

குகதாசனின் தகப்பன் தவராசா இளந்தாரியாக இருந்தபோது பட்டாளத்தில் சமையல்காரர். அது வேறு காலத்துப் பட்டாளம். தமிழரும் சிங்களவரும் பறங்கியரும் ஒரே கூடாரத்தில் படுத்தெழும்பிய தொண்டர் படை. பிறகு அந்த ரெஜிமென்ரைக் கலைத்துவிட்டார்கள். கலைக்கிறபோது அதன் சரித்திரத்தைப் புத்தகமாக அடித்தார்கள். உள்ளே ஒரே கதைதான், மட்டைதான் மூன்று விதம். சிப்பாய்மாருக்குப் பச்சைத் துணி மட்டை. சார்ஜன்மாருக்கு முதுகிலும் மூலையிலும் மட்டும் தோல் வைத்தது. ஒபிசர்மாருக்கு முழுச் சிவப்புத் தோல், முன்பக்கத்தில் பொன்னில் அழுத்திய படைச் சின்னம், தாள் விளிம்பு மூன்று பக்கமும் பொன் பூச்சு. சாப்பாட்டு மேசையிலே எப்படி ஆட்களைப் பிரித்து இருத்தினார்களோ, புத்தகத்திலும் அப்படியே பிரித்து வைத்தார்கள்.

தவராசாவுக்கு முறைப்படி கிடைத்தது பச்சை. ஆனால் அவர் சமைத்துப் போட்ட பறங்கிக் கப்டன் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்போது தன் சிவப்பைக் கொடுத்துவிட்டு, தவராசாவின் பச்சையை வாங்கிக்கொண்டு போனாராம். சிவப்புப் புத்தகம் சின்னது, ஆனால் தடிப்பு. மற்ற இரண்டிலும் இல்லாத படங்கள் அதில் இருந்தன. வழுவழுத் தாளில் அடித்த படங்கள். அதில் ஒன்றில் குசினிக்காரர் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். கடைசியில், கையில் அகப்பையோடு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவர் தவராசா. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கலியாணப் படம்கூடப் போய்விட்ட வீட்டில், அந்த மனிதருக்கு ஒரு இளமை இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

அந்தப் புத்தகத்தைத்தான் லோறன்ஸ் வாங்கினார். திருப்பித் தரவில்லை.

லோறன்ஸ் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போனார்கள். இவருக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளம் கரையை விட்டு விலகியதும் சத்தி எடுப்பார். மீன் வாங்க வந்த பெண்கள்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். கடைசியில் பங்குச் சுவாமி அவரை யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே புத்தகம் கட்டப் பழகி, மார்கிறட்டைக் கலியாணம் செய்துகொண்டு, தண்ணீரூற்றில் வீட்டு முன்னறையிலேயே வேலையைத் தொடங்கினார். பள்ளிக்கூட இடாப்பு, சங்கக்கடைக் கொப்பி, கோயில் செபப்புத்தகம் எல்லாம் அவரிடம்தான் வரும். பூச்சி அரிக்காமல் மாப்பசைக்குள் துருசு போடுவார். நூலுக்குப் பூச மெழுகு வேண்டும். கோயிலில் எரிந்து மிஞ்சிய திரித் துண்டுகளை மார்கிறட் பொறுக்கிக்கொண்டு வருவார். மார்கிறட் தாள் மடிப்பார், லோறன்ஸ் தைப்பார், மகள் ஆன்சலா நடுவில் இருந்து பசை கிண்டுவாள். மடிப்புக் கோணல் என்று இவர் சொல்ல, தையல் கோணல் என்று அவர் சொல்ல, அந்த அறையில் எந்த நேரமும் ஒரு சின்னச் சண்டை ஓடிக்கொண்டிருக்கும். சண்டை இல்லாத நாளில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் நடுவில், பட்டாளச் சின்னம் போட்ட ஒரு தாள் வீட்டில் இருந்தாலே இயக்கம் விசாரணைக்குக் கூப்பிடுகிற நாட்களில், தவராசா அந்தப் புத்தகத்தைச் சாரத்தில் சுற்றி அரிசிப் பைக்குள் வைத்துக்கொண்டு தண்ணீரூற்றுக்குப் போனார். சைக்கிளை மிதித்தவன் குகதாசன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வயலுக்குள் இறங்கியிருந்த இளம் வயது அவனுக்கு.

"மட்டையை மாத்திவிடு லோறன்ஸ்," என்றார் தவராசா. "தேவாரப் புத்தகம் மாதிரிச் செய்து தா. பழைய மட்டையை எரிச்சுப்போடு."

லோறன்ஸ் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"பொன் விளிம்பு வைச்ச தேவாரம் எந்தக் கோயிலில அண்ணை கண்டனீங்கள்? விளிம்பை வெட்டலாம். வெட்டினா உங்கட படத்தில தலையும் சேந்து போகும்."

"தலையை வெட்டாத. பட்டாளத்திலயே ஒருத்தனும் வெட்டேல்லை."

"அப்ப செபப்புத்தகம்தான் சரி. அதுக்குத்தான் பொன் விளிம்பு பொருந்தும். அளவும் அச்சாவாய் இருக்கு."

மட்டைக்கும் புத்தகத்துக்கும் நடுவில் ஒட்டியிருந்த தாளைச் சவர அலகால் கீறி, சிவப்பு மட்டையைத் தனியாக எடுத்தார். யாரோ திருத்தக் கொடுத்துவிட்டு எடுக்காமல் போன செபப்புத்தகத்தின் கறுப்பு மட்டை ஒன்று கிடந்தது, முன்னால் சிலுவை போட்டது. அதை மாட்டினார். பட்டாளம் சிலுவைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

தவராசா அதை வாங்கக் கையை நீட்டினார். லோறன்ஸ் கொடுக்கவில்லை.

"கொண்டு போய் எங்க வைக்கப் போறியள்? சாமி அறையிலயா? பிள்ளையாருக்குப் பக்கத்தில சிலுவையைக் கண்டா வாறவன் முதல் அதைத்தான் திறப்பான். இஞ்ச விட்டிட்டுப் போங்கோ. வேதக்கார வீட்டில செபப்புத்தகத்தை ஒருத்தரும் திறந்து பாக்காயினம்."

"வீட்டுக்காரரே திறக்கிறேல்லை," என்று குசினிக்குள் இருந்து மார்கிறட்டின் குரல் வந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். அப்படித்தான் அந்தப் புத்தகம் லோறன்ஸ் வீட்டுப் பீடத்தில், மாதா சுரூபத்துக்குக் கீழே, மார்கிறட்டின் செபப்புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கத் தொடங்கியது. இரண்டும் கறுப்பு. இரண்டும் ஒரே அளவு.

போர் முடிந்தது. முகாமிலிருந்து விட்டபோது தவராசாவுக்கு நடக்கிற பெலனும் இல்லை. விசுவமடுவில் தகரக் கொட்டிலுக்குள் படுத்திருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வா. ஒருக்கால் பாப்பம்."

குகதாசன் போனான். மார்கிறட் செத்துவிட்டார் என்பது அவனுக்குத் தெரியும். எங்கே, எப்படி என்று கேட்கிற காலம் அதுவல்ல. வாசலிலேயே நின்று லோறன்ஸ், "அது போட்டுது தம்பி," என்றார். அவ்வளவுதான். எல்லோருக்கும் எல்லாமும் போயிருந்த நேரம், ஒரு புத்தகத்துக்காக யார் வாய் திறக்கிறது? தகப்பனிடம் வந்து, தேடுகிறார்கள் என்று பொய் சொன்னான். தவராசா செத்த வீட்டில் முகாமில் எடுத்த அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து மாலை போட்டார்கள். பயந்துபோன ஒரு கிழவர் மாலைக்குள் இருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். யார் இவர் என்று குகதாசனுக்கே வந்தது.

அடுத்த வருசம் ஒரு ஆளை இறக்கிவிடத் தண்ணீரூற்றுக்குப் போனவன், போன இடத்தில் லோறன்ஸ் வீட்டையும் எட்டிப் பார்த்தான். மேசையில் அந்தச் சிவப்பு மட்டை கிடந்தது. வெறும் மட்டை. மண் கறை பிடித்திருந்தது. லோறன்ஸ் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எரிக்கச் சொன்ன மட்டை இருக்குது. உள்ளை இருந்த புத்தகம் எங்க?"

லோறன்ஸ் துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஆருக்குக் குடுத்தனீர்? செத்துப்போன மனிசன்ர கடைசி ஆசையையும் விக்கிற அளவுக்கு உமக்கு என்ன வந்தது?"

சத்தம் கேட்டு ஆன்சலா ஓடி வந்தாள். லோறன்ஸ் மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு மட்டையைத் தூக்கிப் பாய்க்குக் கீழே தள்ளிவிட்டு, "போ தம்பி," என்றார். அந்தப் பார்வையைக் குகதாசன் மறக்கவில்லை. தகப்பனும் மகளும் கூட்டுக் கள்ளர் என்று முடிவு கட்டிக்கொண்டு, அன்றிலிருந்து சந்தியில் கதையைத் தொடங்கினான்.

இந்த வருசம் வைகாசியில்தான் கொழும்பிலிருந்து அந்தப் போன் வந்தது. குகதாசனின் மகள் தாட்சாயினி, தன் அப்பப்பா பட்டாளத்தில் சமையல்காரர் என்று பேஸ்புக்கில் எதையோ எழுதியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு எடுத்தவர் ஞானேஸ்வரி என்ற வயதான பெண். அவருடைய தகப்பன் அதே ரெஜிமென்ரில் சார்ஜன்.

"அந்தப் புத்தகம் எத்தினை விதமாய் கட்டினவை எண்டு தேடித் தேடிச் சேக்கிறன் தம்பி. பச்சை இருக்கு. அரைத்தோல் அப்பாவின்ர. சிவப்புத்தான் அம்பிடேல்லை. லண்டனிலயும் கேட்டுப் பாத்திட்டன், இல்லை. குசினிக்காரரின்ர படமெல்லாம் சிவப்பில மட்டும்தானாம். உங்களிட்டை இருந்தா அந்தப் பக்கங்களை மட்டும் போனில படம் எடுத்து விடுங்கோவன்."

குகதாசன் போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டான். புத்தகம் தேவையில்லை. படத்தைப் படம் எடுத்தால் போதும். லோறன்ஸ் யாருக்குக் கொடுத்தாரோ அவனுடைய காலில் விழுந்தாவது எடுத்துவிடலாம். பெருப்பித்துச் சுவரில் மாட்டலாம். அந்தப் பயந்த கிழவரை இறக்கிவிடலாம்.

அடுத்த நாளே தண்ணீரூற்றுக்குப் போனான். கதிரையில் இருந்த ஆளை முதலில் அடையாளம் தெரியவில்லை. லோறன்ஸுக்குச் சிறுநீரகம் பழுதாகி, கால் இரண்டும் வீங்கி, முகம் ஊதிப்போயிருந்தது. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள் என்று ஆன்சலா சொன்னாள். தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"சண்டைக்கு வரேல்லை அண்ணை," என்றான் குகதாசன். "ஆரிட்டை இருக்கெண்டு மட்டும் சொல்லும். ஒரு படம் எடுக்க வேணும். அவ்வளவுதான்."

லோறன்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். செத்துவிட்டாரோ என்றிருந்தது. பிறகு, "வியாழக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி. நீ ஓட்டோவைக் கொண்டு வா," என்றார்.

"ஏன் அப்பா, முன் வீட்டு ஓட்டோ இருக்குதே?" என்றாள் ஆன்சலா.

"குகன்ர ஓட்டோ குலுக்காது."

அந்த ஓட்டோவைப் பற்றி அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வியாழன் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து ஏறியதும் லோறன்ஸ், "வீட்டை விடாத. இரணைப்பாலைக்கு விடு," என்றார்.

"உந்த உடம்போடயோ? மகள் என்னைக் கொல்லுவாள்."

"விடு எண்டுறன்."

புதுக்குடியிருப்பைத் தாண்டி, மணல் ஒழுங்கை ஒன்றுக்குள் திருப்பச் சொன்னார். முள்ளுக்கம்பி அடித்த ஒரு காணி. உள்ளே இளந்தென்னைகள். லோறன்ஸ் இறங்கவில்லை. பின் சீற்றில் இருந்தபடியே ஒரு சொப்பின் பையை முன்னால் நீட்டினார்.

குகதாசன் பையைத் திறந்தான். சிவப்புத் தோல். பொன் சின்னம். இந்த முறை வெறும் மட்டை இல்லை, முழுப் புத்தகம், மூன்று பக்கமும் பொன் விளிம்பு. ஐயா என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். படத்தாள் புத்தகத்தின் நடுவில் என்பது நினைவிருந்தது. நடுவில் பிரித்தான்.

மாதா பிரார்த்தனை. அடுத்த பக்கமும் செபம். அதற்கடுத்ததும் செபம். முன்னுக்குப் புரட்டினான், பின்னுக்குப் புரட்டினான். ஒரு அந்தோனியார் படம் மடியில் விழுந்தது. முதல் தாளில் ஊதா மையில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது, அதற்குக் கீழே, மகளுக்கு என்று, மார்கிறட்டின் பெயர்.

"என்ன விளையாட்டு இது? என்ர ஐயா எங்க?"

லோறன்ஸ் காணிப் பக்கம் கையைக் காட்டினார்.

"இதுக்குள்ள எங்கயோ. எந்த இடமெண்டு இப்ப எனக்கும் பிடிபடேல்லை. அப்ப ஒரு பெரிய பனை நிண்டது. அதை வைச்சுத்தான் அடையாளம். பனை போட்டுது, வேலி போட்டுது, ஆக்களும் போட்டினம்."

குகதாசன் திரும்பிப் பார்த்தான்.

"மார்கிறட் செத்தது இஞ்ச. காயம் சின்னன்தான் தம்பி, ரத்தம் நிக்கேல்லை. அலுமாரிக் கதவைக் கழட்டிப் பெட்டி அடிச்சனான். அந்த நாளில பெட்டி எண்டது பெரிய மரியாதை. செல் கூவிக்கொண்டு வந்து விழுது. ஆன்சலாவுக்குப் பதினேழு வயசு. பங்கருக்குள்ள இருந்த பைக்குள்ள கையை விட்டு, அம்மான்ர செபப்புத்தகமெண்டு எடுத்து அவாவின்ர கையுக்க வைச்சவள். செபமாலையையும் அவள்தான் சுத்திவிட்டவள். நான் ஆணி அடிச்சனான்."

அவர் மூச்சு வாங்கினார்.

"பிறகொரு நாள் பைக்குள்ள ஏதோ தேடினன். மார்கிறட்டின்ர புத்தகம் இருக்குது. அப்பதான் விளங்கினது, அவாவின்ர கையில நான் என்னத்தைக் குடுத்து அனுப்பினனான் எண்டு. செல் அடிச்சவன் பட்டாளம். அவா கொண்டுபோனது பட்டாளத்தின்ர புகழ். மட்டை மாத்தினது ஆர்? நான்."

"அப்பவே தோண்டியிருக்கலாமே..."

"ஆர் விட்டவை? அடுத்த நாள் நாங்கள் ஓடீட்டம்."

காற்றுக்கு இளந்தென்னை ஓலைகள் உரசின. காணிக்காரரின் நாய் ஒன்று வந்து முள்ளுக்கம்பிக்கு உள்ளே நின்று குலைத்துவிட்டுப் போனது.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ சந்தியில நிண்டு கத்துவாய். கத்தினா ஆன்சலாவின்ர காதுக்குப் போகும். ஒவ்வொரு ஆத்துமாக்கள் திருநாளும் அவள் என்ன சொல்லுறவள் தெரியுமோ? மற்றப் பிள்ளையள் தாய் தேப்பனைப் பாயில சுத்தித் தாட்டவை, நான் அம்மாவைப் பெட்டியில வைச்சு, செபப்புத்தகத்தையும் கையில குடுத்து அனுப்பினனான் எண்டு. அவளுக்கு மிஞ்சினது அது ஒண்டுதான். அதைப் பிடுங்கச் சொல்லுறியோ? அவாவின்ர புத்தகத்தை அவளின்ர கண்ணில காட்டேலாது. எரிக்கவும் ஏலாது. கிணத்தடியில தாட்டு வைச்ச உங்கட மட்டையைக் கிண்டி எடுத்து, அதுக்குள்ள ஒளிச்சனான். அண்டைக்கு நீ வந்து கத்தினது அந்த நேரம்தான்."

குகதாசன் மடியில் கிடந்த அந்தோனியார் படத்தை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்தான். ஏசவேண்டும் போல் இருந்தது. வருசக்கணக்காகச் சேர்த்து வைத்த ஏச்செல்லாம் தொண்டைவரை வந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது.

"ஐயா நல்ல சமையல்காரன்," என்றான் கடைசியில். "மார்கிறட் அக்கா பசி கிடக்கமாட்டா."

சிரிக்கத்தான் சொன்னான்.

"பசியோடதான் தம்பி போனவா," என்றார் லோறன்ஸ். "ரெண்டு நாளாய் கஞ்சித்தண்ணிகூட இல்லை."

அதன்பிறகு கிழமைக்கு இரண்டு தரம் குகதாசன் விசுவமடுவிலிருந்து வந்து அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கினான். வீட்டில் மனைவி இரஞ்சிதம், முகத்தைத் தின்றவருக்கு இப்போது என்ன உபசாரம் என்று கேட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றான். சந்தியிலும் கதை நின்றுபோனது. லோறன்ஸ் கதையைச் சொல்லச் சொல்லிச் சிலர் சீண்டிப் பார்த்தார்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனான்.

ஞானேஸ்வரி மறுபடி போன் எடுத்தார்.

"இல்லையம்மா. அது கிடைக்காது."

"கவலைதான். சரி, அப்ப மூண்டு விதமெண்டு எழுதி முடிக்கிறன்."

"நாலெண்டு எழுதுங்கோ. கறுப்பும் ஒண்டு இருக்கு. சிலுவை போட்டது."

அவர் சிரித்தார். "பட்டாளச் சரித்திரத்துக்குச் சிலுவையோ? அப்பிடி ஒண்டு கட்டேல்லை தம்பி. ஆரோ உங்களைப் பேக்காட்டியிருக்கினம்."

"கட்டினவை அம்மா. ஒண்டே ஒண்டு," என்று சொல்லி வைத்துவிட்டான். அவர் அதை எழுதினாரோ தெரியாது.

மாரி தொடங்க லோறன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார். ஆன்சலா அழுதாள், பங்குச் சுவாமி வந்து சொல்லிப் பார்த்தார். சரிவரவில்லை. குகதாசன் போனபோது ஆள் கட்டிலில் கிடந்தார். ஆன்சலா குசினிக்குள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் கேட்டது. லோறன்ஸ் கண்ணால் கிட்டக் கூப்பிட்டார்.

"கட்டிலுக்குக் கீழ தகரப்பெட்டி. ஊசி, நூல் எல்லாத்துக்கும் அடியில கிடக்கு. சவர அலகும் இருக்கு."

"ம்."

"நான் போனாப் பிறகு மட்டையைக் கீறி எடு. மட்டை உன்ர. உள்ள இருக்கிற செபப்புத்தகத்தை வெள்ளைத் துணியில சுத்தி என்ர கையுக்க வை. நீதான் வைக்க வேணும். இவள் கேட்டா, அப்பா கட்டின முதல் புத்தகமெண்டு எதையாவது சொல்லு."

"ஓம் அண்ணை."

ஆன்சலா கஞ்சிக் கோப்பையோடு வருகிற சத்தம் கேட்டது. குகதாசன் நிமிரப் போனான். லோறன்ஸ் அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தார். அந்தக் கையில் அவ்வளவு பெலன் மிச்சம் இருக்குமென்று அவன் நினைக்கவில்லை.

"வைக்கிறதுக்கு முதல், ஒருக்கால் திறந்து பார்."